தூக்குவாளியில் வந்தவர்

போன வாரம் என் தங்கை மகள் கைப்பேசியில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். "மாமா, உங்க பழைய பொழப்பு" என்று கீழே எழுதி, பல்லைக் காட்டும் மஞ்சள் முகம் ஒன்றையும் ஒட்டியிருந்தாள். பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு நாள் சுற்றுலா. குளிரூட்டிய வேன். காலையில் கோயில், கோட்டை, கோடை அரண்மனை. அதற்குப் பிறகு 'விரும்புவோருக்கு அஸ்தி கரைத்தல்'. அதற்கும் பிறகு மதியச் சாப்பாடு. சைவமா அசைவமா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வர முடியாத சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். மேலேயிருந்து ட்ரோன் வைத்துப் படம் எடுக்கத் தனிக் கட்டணம். மாதிரிக்கு ஒரு படமும் இருந்தது. பின்னணியில் புல்லாங்குழல். யாருடைய சாம்பலோ நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.

கைப்பேசியைக் குப்புற வைத்தேன். எனக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். வயதானால் சிலருக்குச் சர்க்கரை வருவதுபோல எனக்கு அது வந்திருக்கிறது. "உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு மட்டும் சொல்லுங்க, அது சீக்கிரம் முடிஞ்சுடும்" என்பாள் என் மனைவி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது என்னை அதிகம் உறுத்தியது சாம்பல் இல்லை. கோட்டை விழுந்த வருடம் 1779 என்று போட்டிருந்தார்கள். 1799, மே மாதம் நான்காம் தேதி. இருபது வருடத்தைக் காற்றில் விட்டவன் அஸ்தியை எங்கே விடுவான் என்று யாருக்குத் தெரியும்? என் புத்தி இப்படித்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் விவேக் நகரிலிருந்து பிரேசர் டவுனுக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். கண்ணாடிக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலுமிச்சை வாசனையாம். பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை அது. கண்ணாடியை இறக்கச் சொன்னால் ஏசி போட்டிருக்கிறது என்றார் ஓட்டுநர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நிஜ எலுமிச்சம்பழம் எப்படி மணக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நினைவில் வந்தது, நான் கைடாக இருந்த சிவண்ணாவின் பஸ்.

அந்தப் பஸ்ஸில் எலுமிச்சைக்கு மூன்று வேலை. புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க ஒன்று. முன்பக்கம் மிளகாயோடு கட்டித் தொங்கவிட ஒன்று. மிச்சமெல்லாம் வாந்தி வருகிறவர்கள் மூக்கில் வைத்துக்கொள்ள. ராமநகரத்தைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார். அவருக்குப் பின் சீட்டில் இருப்பவர் என்னைத் திட்டுவார். டீசல், ரெக்ஸின், வாடிய மல்லிகை, புளித்த வாந்தி, அதற்குமேல் எலுமிச்சை. என் இளமையின் வாசனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ரோஜா என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

கலாசிப்பாளையத்தில் இருந்து தினமும் காலையில் கிளம்பும் மைசூர் சுற்றுலா பஸ்ஸில் நான் கைடு. எந்த வருடம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். எழுதமாட்டேன். அந்தக் கம்பெனி வேறு பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு நீல டை, நெஞ்சில் தகர பேட்ஜ். கையில் மைக். அது பாதி நேரம் கொரகொரவென்று கத்தும், மீதி நேரம் செத்துக்கிடக்கும்.

எனக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துவிட்டுத்தான் அந்த வேலைக்குப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு என்பார்கள் மற்ற கைடுகள். அவர்கள் சுரங்கப்பாதை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூர் வரைக்கும் போகிறது என்பார்கள். ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். நான் கோடை அரண்மனை 1784-இல் கட்டப்பட்டது என்பேன். ஜனங்கள் கழிப்பறை எங்கே என்பார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. அரண்மனைச் சுவரில் ஒரு பெரிய சண்டைக் காட்சி வரைந்திருக்கும். அது 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் நடந்த சண்டை என்று சொல்வேன். தமிழ்நாட்டுக்காரர்கள் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள். "அட, நம்ம பக்கமா!" என்று ஒருவர் சுவரை நெருங்கிப் போய்த் தன் மாமனார் வீடு தெரிகிறதா என்பதுபோலத் தேடுவார்.

ஓட்டுநர் சிவண்ணா மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ்ப் பிரயாணிகளோடு இருந்து இருந்து ஒரு தமிழ் கற்றிருந்தார். என்னை 'மேஷ்ட்ரே' என்று கூப்பிடுவார், கன்னடத்தில் வாத்தியார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். "மேஷ்ட்ரே, நீங்கோ சொல்ற தேதியெல்லாம் செத்தவங்க தேதி. உசிரோட இருக்கறவங்களுக்கு டீ எப்போன்னு சொல்லுங்கோ" என்பார். பயங்கரமான பக்தர். பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரங்கட்டி பீடி பற்றவைத்து முடிக்கும்வரை நகரமாட்டார். அவருடைய மூடநம்பிக்கைகளைப் பற்றி நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி கொண்டுபோகும் எங்கள் வீட்டில், மற்றவர்கள் மூடநம்பிக்கைக்கு எப்போதும் நல்ல சிரிப்பு உண்டு.

பஸ்ஸில் இன்னொருவரும் வருவார். முதலாளியின் மைத்துனர் பிரகாஷ். முன் சீட்டு அவருக்கு. அவருக்கு ஒரே வேலைதான்: மைசூருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பட்டுக் கடைக்குப் பிரயாணிகளை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சுற்றுலா என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, நண்பரே. உண்மையான சுற்றுலா அந்தக் கடைக்குத்தான். கோட்டை, கோயில் எல்லாம் போகிற வழியில் காட்டுகிற வேடிக்கை. கடையில் இரண்டு மணி நேரம் தள்ள வேண்டுமென்றால் வேறு எங்காவது இரண்டு மணி நேரத்தை வெட்ட வேண்டும். வெட்டப்பட்டது நதி. டிக்கெட்டில் 'காவிரி நதி தரிசனம்' என்று அச்சடித்திருக்கும். நடப்பது என்னவென்றால், பாலத்தின்மேல் சிவண்ணா வேகத்தைக் குறைப்பார். நான் மைக்கில் "இடது பக்கம் பாருங்கள், காவிரி" என்பேன். அவ்வளவுதான் தரிசனம். வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது அந்த ஒரு வரியை நம்பி வந்த ஒரு பெண்ணைப் பற்றி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் முடிந்திருந்தது. பஸ் முழுக்கத் தமிழ்நாட்டு ஆட்கள். சேலத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்து, அப்படியே ஊர் பார்க்கக் கிளம்பிய ஒரு கூட்டம். அதற்குத் தலைவிபோல ஒரு தடித்த அம்மாள், பட்டுப் புடவையோடு. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மாலை கழுத்தில் இல்லையே தவிர அதன் வாசனை இருந்தது. கடைசியாக, பொம்மனஹள்ளியிலிருந்து தனியாக வந்த சரோஜா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒசூர் ரோட்டில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற வேலை என்று பிறகு தெரிந்தது. மடியில் ஒரு வயர்க் கூடை. அதில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, மூடியின்மேல் மஞ்சள் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. ஊர் பார்க்க வருகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது வழக்கம் என்பதால் யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

ஏறும்போது என்னிடம் மெல்லக் கேட்டார். "அண்ணா, ஆத்துல எறங்க விடுவீங்க இல்ல?"

"பாலத்துல மெதுவா போவோம்மா. நல்லாப் பாக்கலாம்."

"எறங்க முடியாதாண்ணா? டிக்கெட்டுல போட்டிருக்குதே."

பின்னால் ஆள் நெருக்கியது. "பாக்கலாம்மா, உக்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்து டிக்கெட்டை எடுத்து மறுபடி படித்தார்.

மத்தூரில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். எல்லாரும் இறங்கி வடை தின்றார்கள். சேலத்தம்மாள் கடையை நம்பாதவர். பஸ்ஸிலேயே உட்கார்ந்து தான் கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் சரோஜா ஒன்றும் சாப்பிடாமல் இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. நான் படியருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"ஏங்கண்ணு, சாப்பிடலியா? இந்தா, ரெண்டு இட்லி எடுத்துக்கோ."

"வேணாங்கம்மா."

"அட, எடுத்துக்கோங்கறேன். சட்னிதான் பத்தாது. உன் தூக்குல என்ன, சாம்பாரா? கொஞ்சம் ஊத்து."

சரோஜா கூடையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

"என்ன கண்ணு, ஒரு கரண்டி சாம்பாருக்கு இப்பிடிக் கட்டிப் புடிச்சுக்கற? அப்பிடி என்னதான் இருக்குது அதுல?"

"எங்க வீட்டுக்காரருங்க."

சேலத்தம்மாள் வாயில் இட்லி அப்படியே நின்றது. பிறகு போட்டாரே ஒரு சத்தம். "அய்யய்யோ! இவ்வளவு நேரம் அது மேலதான என் இட்லிப் பொட்டலத்த வெச்சிருந்தேன்!" ஹோட்டல் வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். பொட்டலம் ஜன்னல் வழியாக வெளியே பறந்தது. ஒரு நாய் அதற்குப் பிறகு மிகவும் திருப்தியாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டது.

கொஞ்ச நேரத்தில் கதை முழுக்க வெளியே வந்தது. கணவன் கட்டட வேலையில் இருந்தவர். காய்ச்சலில் போய்விட்டார். விரும்பிச் செய்த கல்யாணம் என்பதால் தர்மபுரியிலிருந்து அவர் பக்கத்து ஆட்கள் வந்து நின்றுவிட்டு, நெருப்பு அணைவதற்குள் பஸ் பிடித்துவிட்டார்கள். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றுவிட்டார் வாடகை வீட்டுக்காரம்மாள். "கொய்யா மரத்துல கட்டித் தொங்க உட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடணும், இல்லாட்டி வீட்டக் காலி பண்ணுன்னுட்டாங்க. மண்சட்டி பஸ்ல ஒடஞ்சுடும்னு தூக்குல மாத்துனேன்" என்றார் சரோஜா. கம்பெனியில் ஞாயிறு தவிர லீவு கிடையாது. கன்னடம் தெரியாது. தனியாகப் போனால் ஆற்றங்கரையில் ஏமாற்றுவார்கள் என்று பயம். தமிழ் கைடு கூடவே வருவார், நதி தரிசனம் உண்டு என்று டிக்கெட் விற்றவன் சொல்லியிருக்கிறான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி மேற்கே திரும்புகிற பச்சிமவாகினியில்தான் பெங்களூர்க்காரர்கள் அஸ்தி கரைப்பார்கள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் சொன்னார்களாம். அங்கே போகிற பஸ் இது என்று ஏறிவிட்டார்.

பஸ்ஸுக்குள் யாரும் ஏறவில்லை. எல்லாரும் கீழே நின்று தூக்குவாளியைப் பார்த்தார்கள். பாம்பு புகுந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள். புது மாப்பிள்ளை தன் மனைவியைப் பத்தடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

பிரகாஷ் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். தூக்குவாளி நன்றாக மூடியிருந்தது. ஒரு வாசனையும் வரவில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் சில கைக்குட்டைகளைப் பார்த்தால் குமட்டுவது அதனால்தான். "கைடு, அந்தம்மாவ இங்கயே எறக்கி விடு. ஆட்டோவோ கவர்மெண்ட் பஸ்ஸோ புடிச்சுப் போகட்டும். இங்கேர்ந்து பக்கம்தான்" என்றார்.

"டிக்கெட் வாங்கியிருக்காங்க சார். நதின்னு நாமதான் அச்சடிச்சிருக்கோம்" என்றேன்.

"சாம்பல் எடுத்து வரலாம்னு அச்சடிச்சிருக்கா?"

சரோஜா கூடையோடு எழுந்துவிட்டார். "பரவால்லீங்கண்ணா, நான் எறங்கிக்கறேன். எந்தப் பக்கம் போவணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. படியில் கால் வைத்தபோது குறுக்கே ஒரு கை வந்தது. சிவண்ணா.

"கூத்கோம்மா" என்றார். உட்கார் என்று அர்த்தம். பிறகு பிரகாஷைப் பார்த்தார். "எறக்கிட்டா? வண்டியில சாவு ஏறியாச்சு. அந்தம்மா எறங்கினா சாவு எறங்கிடுமா?"

"என்னப்பா சொல்ற?"

"கேளுங்கோ சார். சாவு கூட பொறப்பட்டவங்க நடுவுல உட்டுட்டுப் போகக் கூடாது. கடைசி வரைக்கும் போகணும், தலைக்கு ஸ்னானா பண்ணணும், அப்பறம்தான் வேற எடம். சாயங்காலம் சாமுண்டி மலை ஏறணும் நான். இந்தத் தீட்டோட அம்மன் வாசலுக்கு வண்டிய ஏத்துவேனா? நம்ம தாத்தா காலத்துலேர்ந்து அவ போட்ட சோறு." சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டிக்கொண்டார். "பச்சிமவாகினி போறோம். எல்லாரும் குளிக்கறாங்க. இல்லாட்டி வண்டி இங்கயே நிக்கும்."

"எல்லாருமா?" என்றது கூட்டம்.

"எல்லாரும். இந்த வண்டியில இவ்வளவு தூரம் கூட வந்தீங்கல்ல? கூட வந்தவங்க எல்லாம் சாவு வீட்டு ஜனம்தான்."

அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையை எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். மாற்றுத் துணி இல்லை என்றார்கள். சளி பிடிக்கும் என்றார்கள். முகம் கழுவினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். "தலைக்கு" என்றார் சிவண்ணா. பட்டுக் கடைக்கு என்ன பதில் சொல்வது என்று கத்தினார் பிரகாஷ். "அவங்களையும் வந்து குளிக்கச் சொல்லுங்கோ" என்றார் சிவண்ணா. நான் மெதுவாக, "சிவண்ணா, நான் கிறிஸ்தவன்" என்றேன். "தீட்டுக்குச் சர்ச்சு தெரியாது மேஷ்ட்ரே. டையக் கழட்டி வெச்சுக்கோங்க" என்றார்.

முடிவைச் சொன்னது சேலத்தம்மாள்தான். அதுவரை திட்டிக்கொண்டே இருந்தவர் அதே குரலில், "சொல்லித் தொலைச்சிருந்தா வீட்டுலேர்ந்தே எள்ளு எடுத்தாந்திருப்பனே! இப்ப இந்த ஊர்ல எள்ளுக்கு எங்க போறது?" என்றார். எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். எள், ஒரு பொட்டலம் பச்சரிசி, வாழைப்பழம் எல்லாம் மத்தூர்க் கடைத்தெருவிலேயே கிடைத்தன.

அன்றைக்கு அந்தப் படித்துறை சுத்தமாக இருந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பழைய மாலைகள் கிடந்தன. உடைந்த சட்டிகள் கிடந்தன. மேல்படியில் எருமைச் சாணம். ஆனால் தண்ணீர் ஓடியது. கற்களின்மேல் சத்தத்தோடு ஓடியது. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரிந்தது.

கரையில் இருந்த புரோகிதர் முதலில் கேட்டது, ஆண் துணை யார் என்று. "ஏன், இத்தன நாளாச் சுமந்தவ கை பத்தாதா?" என்றார் சேலத்தம்மாள். அடுத்து கோத்திரம் கேட்டார். சரோஜாவுக்குத் தெரியவில்லை. "சிவ கோத்ரா போடுங்கோ சாமி, யாருமில்லாதவங்களுக்கெல்லாம் அவன்தானே" என்றார் சிவண்ணா. அடுத்து, இறந்த அன்று என்ன திதி? பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. காலையிலிருந்து மைக்கில் வருடமும் மாதமும் தேதியுமாகப் பொழிந்தவன் நான்தானே. "கைடு சார், சொல்லுங்க" என்றார்கள். எனக்குத் திதி பார்க்கத் தெரியாது. இருநூறு வருடத்துக்கு முந்தியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன், போன மாதத்து அமாவாசையைத் தேடி விரல் விட்டு விழித்தேன். ஒரு கிழவர் எனக்காகக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

பெயர் கேட்டார் புரோகிதர். "மாதையன்" என்றார் சரோஜா. சத்தமாகவே சொன்னார். தூக்குவாளியின் துணியை அவிழ்த்து, தண்ணீரில் இறங்கி, சாய்த்தார். மேற்கே திரும்புகிற தண்ணீர் வாங்கிக்கொண்டு போயிற்று.

பிறகு எல்லாரும் இறங்கினார்கள். முதலில் இறங்கியது அந்தப் புதுப்பெண். மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்க, "நாளைக்கு எனக்கும் இப்பிடித்தான யாராச்சும் வேணும்" என்று ஒரு போடு போட்டுவிட்டு முங்கினாள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேலத்தம்மாள் பட்டுப் புடவையோடு, "நாலாயிரம் ரூவாப் பொடவ, நாலாயிரம் ரூவாப் பொடவ" என்று ராமநாமம்போல ஜபித்துக்கொண்டே மூன்று முழுக்குப் போட்டார். நான் பேண்டோடும் பேட்ஜோடும் இறங்கினேன். குளிர் எலும்புக்குள் போயிற்று. செத்தவரை உயிரோடு பார்த்தவர்கள் எங்களில் சரோஜாவைத் தவிர ஒருவருமில்லை. அவருக்காக ஒரு பஸ் முழுக்க ஈரத்தலையோடு பற்களைக் கிட்டிக்கொண்டு நின்றது. சிவண்ணா ஒரு வாளி தண்ணீர் மொண்டு போய் பஸ்ஸின் படியிலும் ஸ்டியரிங்கிலும் தெளித்தார்.

காலித் தூக்குவாளியை ஆற்றிலேயே விட்டுவிடச் சொன்னார் புரோகிதர். "இது அவரு சாயங்காலம் டீ வாங்கியாற தூக்குங்க" என்றார் சரோஜா. புரோகிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரி சரி, வெச்சுக்கோ கண்ணு. நல்லா மண்ணு போட்டுத் தேயி" என்று முடித்துவிட்டார் சேலத்தம்மாள்.

கோடை அரண்மனையில் சொட்டச் சொட்ட நுழைந்தோம். "ஏன்ரீ, மளே பந்தித்தா?" என்று காவலர் வானத்தைப் பார்த்தார். மழை இல்லை என்று சொல்லிவிட்டு, புள்ளலூர்ச் சண்டையைப் பல் நடுங்கச் சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அதைச் சொன்னதில்லை. எவரும் கழிப்பறை எங்கே என்று கேட்கவில்லை. சரோஜா மட்டும் சுவருக்குக் கிட்டே போய், ஒவ்வொரு யானையாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிரகாஷ் விடவில்லை. அரைமணி நேரமாவது கடைக்குப் போயே ஆக வேண்டும் என்று பஸ்ஸைத் திருப்பவைத்தார். கடைக்காரர் வாசலுக்கு வந்து, வரிசையாக இறங்கும் ஈர ஜனங்களைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டார். "பட்டு சார், பட்டு! ஒரு சொட்டு பட்டாலும் கறை!" என்றார். தினமும் நாங்கள் உள்ளே தள்ளிவிட்ட ஜனங்களை அவரே வெளியே தள்ளினார். "என் ஒடம்புல இருக்கறதும் பட்டுதான்யா!" என்று சேலத்தம்மாள் தெருவில் நின்று முந்தானையைப் பிழிந்தார். அன்றைக்குச் சாமுண்டி மலையில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தோம். காற்றில் எல்லாருடைய துணியும் காய்ந்தது.

அடுத்த வாரமே டிக்கெட்டில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'அஸ்தி, அது தொடர்பான பொருள்கள் அனுமதிக்கப்படா.' கலாசிப்பாளையத்து அலுவலகத்தில் அதை நான்கு மொழிகளில் பலகையாகவும் மாட்டினார்கள். பிரயாணிகளின் தூக்குவாளிகளையும் டிபன் கேரியர்களையும் திறந்து பார்த்து ஏற்றுவது இனிமேல் கைடின் பொறுப்பு என்றார் பிரகாஷ். ஜனங்கள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்துக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பதா? அன்று காலையே பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும்போல் இருந்தது. 'நதி தரிசனம்' என்ற வரியை அவர்கள் எடுத்தார்களா என்றால், இல்லை. அது அப்படியே இருந்தது. சிவண்ணா பிறகு லாரி ஓட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது மைசூருக்கு விரைவுச்சாலை. மத்தூரைத் தொடாமலே போய்விடலாம். சென்ற வருடம் ஒரு கல்வெட்டின் ஆண்டைச் சரிபார்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். இந்த வயதில் இதற்கெல்லாமா என்று கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் பச்சிமவாகினிக்கு நடந்தேன். தூரத்திலேயே நாற்றம் வந்தது. படிகளில் செத்தவர்களின் சட்டைகள், பாய்கள், தலையணைகள், ஷாம்பு பாக்கெட்டுகள், அறுந்த செருப்புகள். தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தேன். யோசித்து யோசித்துப் போயிற்று. பச்சைப் படலத்தின்மேல் சாம்பல் கரையாமல் திட்டுத் திட்டாக மிதந்தது.

வெள்ளை வேன் ஒன்றில் ஒரு குடும்பம் வந்திறங்கியது. பெங்களூர்த் தமிழர்கள், பேச்சில் தெரிந்தது. கையில் ஒரு கலசம், உள்ளே தகப்பனார்போலும். கரைப்பதைக் காண்ட்ராக்ட் எடுத்த ஆள் ஒருவர் கலசத்தை வாங்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு வந்தார். மகன் கைப்பேசியில் படம் எடுத்தான். ஒரு பெரியம்மாள் மட்டும், "தலைக்குக் குளிக்கணும்டா, குளிக்காமப் போகக் கூடாது" என்று முனகினார்.

"இதுலயா? இதுல குளிச்சா நாமளும் அப்பா கூடவே போக வேண்டியதுதான்" என்றான் மகன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாளும் ஒரு தடவை தண்ணீரைப் பார்த்துவிட்டுப் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். எனக்கும் அந்தத் தண்ணீரில் விரல் வைக்க மனம் வரவில்லை. கடையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து, மூடியைத் திருகி, ஆளுக்கு நாலு சொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். காலி பாட்டில் படியில் உருண்டது. தாங்கள் கால் வைக்கக் கூசிய இடத்தில் அப்பாவை விட்டுவிட்டு வேனை நோக்கி நடந்தார்கள்.

வேன் கதவு தானாக விலகித் திறந்தது. ஓட்டுநர் சின்ன வயது. இருக்கையைவிட்டு இறங்கவே இல்லை. திரும்பி அவர்களை மேலும் கீழும் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"செருப்புல சேறு இருக்கா?"

எல்லாரும் குனிந்து துடைத்துக்கொண்டு ஏறினார்கள்.